வர்ணம் விசிறுவோரின் மூச்சும் லேஞ்சித் துணியின் எல்லையும்

வல்லை வெளியைக் கடந்து உடுப்பிட்டிப் பக்கமாகச் செல்வோர் மாலை வேளைகளில் வீட்டு வளவுகளிலே ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மாமரத்தின் கீழோ தகரக் கொட்டகையொன்றினுள்ளோ பழைய மோட்டார் சைக்கிளின் எரிபொருள் தாங்கியோ காரின் கதவோ கம்பியிற் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். அருகிலே சிறிய கம்பிறசர் ஒன்று இரைந்துகொண்டிருக்கும். பாடசாலையிலோ வங்கியிலோ கடமை முடித்து வந்த ஒருவர் கையில் விசிறு துப்பாக்கியுடன் நிற்பார். அவருடைய மூக்கின் குறுக்கே ஒரு லேஞ்சி கட்டப்பட்டிருக்கும். பக்கத்திலே வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நிற்பதும் உண்டு.

பழைய வாகனங்களின் மீது யாழ்ப்பாணத்தார் கொண்ட பற்று இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் கிடைக்காத நிலையில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களே இங்கு மணமக்களையும் நோயாளரையும் சுமந்தன. அக்கார்களைப் பேணிய கைகளுக்கு வாகனத்தைக் கழற்றிப் பூட்டுவது தொழிலாக மட்டுமன்றிப் பொழுதுபோக்காகவும் பழகிப் போயிற்று. யாழ் நகரின் சோனகதெருப் பகுதி முஸ்லிம் மக்கள் இரும்பு வியாபாரத்தில் நெடுங்காலம் ஈடுபட்டவர்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பின்னர் மீண்டு வந்தவர்களுள் பழைய இரும்புத் தொழிலை மீளவும் கையிலெடுத்தவர்கள் உளர். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. இடையிலே 2022 இன் எரிபொருள் நெருக்கடி, மூலையில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளையும் வீதிக்குக் கொண்டுவந்தது. புதியது வாங்க இயலாதபோது பழையதற்குப் புதுமெருகு இடுவதே வழியாயிற்று. அவ்வாறு பழகியவர்கள் பலர் இன்றும் அதனை விட்டபாடில்லை.

இந்த ஆர்வத்தை நாம் குறைகூற வரவில்லை. கையடக்கத் தொலைபேசியுடன் கழியும் மாலைப்பொழுதை விட ஒரு பழைய சைக்கிளைத் துலக்கும் மாலைப்பொழுது மேலானது என்பதே எமது எண்ணம். ஆயினும் அண்மையில் உடுப்பிட்டியில் ஓர் இளைஞருடன் பேச நேர்ந்தபோது அவர் சொன்ன விடயம் எம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தந்தையாரின் பழைய காருக்கு அவர் வர்ணம் விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூக்குக்கு உது காணுமோ?" என்று லேஞ்சியைக் காட்டிக் கேட்டோம்.

"காணும் ஐயா. மணம் பெரிசா வராது. இரவிலைதான் கொஞ்சம் இழுக்கும். விடிய எழும்பச் சரியாயிடும்" என்றார்.

இரவில் வரும் அந்த இழுப்பைத்தான் அவர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டியதும் அதுவேயாகும்.

ஒரே வர்ணத்தைத் தூரிகையாற் பூசுவதற்கும் காற்றழுத்தத்தால் விசிறுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தூரிகையாற் பூசும்போது திரவம் திரவமாகவே இருக்கும். அதிலிருந்து ஆவியாகும் கரைப்பான் மாத்திரமே மூக்கை அடையும். விசிறும்போதோ ரின்னில் உள்ளவை யாவும் நுண்துளிகளாகிக் காற்றில் மிதக்கின்றன. நிறப்பொடி, பிசின், உலோக உப்புகள், கடினமாக்கும் பொருள் ஆகிய எதுவும் இதற்கு விலக்கல்ல. மனித மயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் ஆகும். விசிறலில் எழும் துளிகளுள் 5 மைக்ரோனுக்கும் குறைந்தவை மூக்கிலோ தொண்டையிலோ தங்காது, நுரையீரலின் அடியிலுள்ள காற்றுச் சிற்றறைகள் வரை சென்று படியக்கூடியவை. கண்ணுக்குத் தெரியும் துளிகளை விடத் தெரியாத துளிகளே ஆழமாகச் செல்கின்றன.

இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் அல்கோய் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் துணிகளில் விசிறுமுறையால் வர்ணம் அச்சிடும் சிறு தொழிற்சாலைகள் இயங்கின. 1992 இல் அவற்றின் தொழிலாளர்களிடையே கடுமையான நுரையீரல் நோய் பரவியது. பாதிக்கப்பட்டோருட் பெரும்பாலானோர் இளம் பெண்கள். 6 பேர் உயிரிழந்தனர். அத்தொழிற்சாலைகளுள் ஒன்றின் பெயரால் அந்நோய் 'ஆர்டிஸ்ரில் நோய்' என மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. அவர்கள் பாவித்த வர்ணக் கலவை துணியிலே பூசிப் பயன்படுத்தப்பட்டபோது பெருந்தீங்கு விளைவித்ததாக அறியப்படாத ஒன்று. அதனையே நுண்துளியாக்கி மூச்சுடன் இழுத்தபோது அது கொல்லும் பொருளாயிற்று. அல்ஜீரியாவிலும் இதே முறையாற் பாதிப்பு ஏற்பட்டது. "இது வெறும் பெயின்ற் தானே, கையிற் பட்டாலும் ஒன்றும் செய்வதில்லை" என்று சொல்வோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வாகனங்களுக்குப் பயன்படும் வர்ணங்களிலே மூன்று வகைத் தீங்கு அடங்கியிருக்கின்றது. முதலாவது மேலே கூறிய நுண்துளி. இரண்டாவது தின்னரில் உள்ள தொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவற்றை இவை உடனடியாக உண்டாக்கும். நெடுங்காலம் சுவாசிப்போரின் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும். இவற்றுக்காயினும் மணம் உண்டு. மணம் எச்சரிக்கும்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. '2கே' என்று கடைகளில் வழங்கும் இரட்டைக் கலவை வர்ணத்திலே பெரிய ரின்னில் வர்ணமும் சிறிய ரின்னில் ஹார்ட்னர் எனப்படும் கடினமாக்கியும் இருக்கும். இரண்டையும் கலந்து விசிறினால் கண்ணாடி போன்ற பளபளப்புக் கிடைக்கும். பெற்றோல் பட்டாலும் கரையாது. ஆகையினாலேயே இதனைப் பலரும் விரும்புகின்றனர். அச்சிறிய ரின்னிலுள்ள பொருள் பெரும்பாலும் ஐசோசயனேற்று வகையைச் சேர்ந்ததாகும். 1984 டிசம்பரில் போபால் நகரில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த வாயுவும் இக்குடும்பத்ததே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதனையும் கூறிவிட வேண்டும். போபாலில் வெளியேறியது எளிதில் ஆவியாகும் பொருள். வர்ணக் கடினமாக்கியிலுள்ளது இலகுவில் ஆவியாவதில்லை. மூடிய ரின்னில் அது அடங்கியே கிடக்கும். அதனைக் காற்றில் ஏற்றி மூக்கருகே கொண்டுவருவது எமது கையிலுள்ள விசிறு துப்பாக்கியே.

ஐசோசயனேற்று செய்யும் தீங்கின் தன்மை விசித்திரமானது. தீங்கு விளைவிக்கும் அளவில் அது காற்றில் இருந்தாலும் அதன் மணம் தெரிவதில்லை. முதல் நாளிலேயே நோய் வரும் என்பதும் இல்லை. சில மாதங்களோ சில வருடங்களோ ஒன்றும் நிகழாதிருக்கலாம். அக்காலத்தில் உடல் அப்பொருளை அடையாளம் கண்டு அதற்கெதிராகத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கின்றது. தோலிற் படுவதாலும் இந்த ஒவ்வாமை தொடங்கலாம். ஆயத்தமான பின்னர் மிகச் சொற்ப அளவும் போதுமானது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி ஆஸ்துமா தோன்றும். பலருக்கு அது வேலை செய்யும்போது வராமல், சில மணித்தியாலங்கள் கழித்து இரவிலே இருமலாகவும் நெஞ்சு இறுக்கமாகவும் இழுப்பாகவும் வருகின்றது. எனவே மாலையில் விசிறியதற்கும் இரவில் இழுப்பதற்கும் தொடர்புண்டு என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. பனி, தூசு, குளிர்ந்த தண்ணீர் என்று வேறு எதன் மீதேனும் பழி விழுந்துவிடுகின்றது. ஒருமுறை இந்த ஒவ்வாமைக்கு ஆளானவர் அதன் பின்னர் அப்பொருளின் அருகே செல்லாதிருப்பதே வழி. தாமதித்தால், விசிறுவதை நிறுத்திய பின்னரும் ஆஸ்துமா நீங்காதிருக்கக்கூடும்.

பிரித்தானியாவின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு, வாகனங்களுக்கு வர்ணம் விசிறும் தொழிலாளருக்கு ஆஸ்துமா ஏற்படும் ஆபத்து அந்நாட்டின் ஏனைய தொழிலாளரை விட 80 மடங்கு அதிகம் எனக் கூறுகின்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலே 2023 ஓகஸ்ட் 24 முதல், இவ்வகைப் பொருள் அடங்கிய உற்பத்திகளைத் தொழில்ரீதியாகக் கையாள்வோர் உரிய பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வர்ணம் பூசும் தொழிலையே புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதலாவது பிரிவில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1989 இல் சேர்த்தது. நுரையீரற் புற்றுநோய் இதிற் குறிப்பிடப்பட்டுள்ளது. இவை நாள்தோறும் அத்தொழில் செய்வோரைப் பற்றிய முடிவுகள் என்பதும், மாதத்தில் ஒருநாள் விசிறுபவருக்கு அதே அளவு ஆபத்து உண்டெனக் கொள்ளலாகாது என்பதும் உண்மையே. ஆனால் தொழிலாளிக்குத் தனி அறையும் காற்றிழுக்கும் விசிறியும் சுவாசக் கருவியும் வேண்டுமெனச் சட்டம் சொல்கின்றது. பொழுதுபோக்காளருக்கோ மாமரமும் லேஞ்சியுமே துணை.

இனி முகக்கவசத்துக்கு வருவோம். 2020 இல் வந்த கொரோனாத் தொற்று எம் அனைவரையும் முகக்கவசம் அணியப் பழக்கிவிட்டது. அப்பழக்கமே இங்கு ஒரு மயக்கத்தையும் உண்டாக்கியுள்ளது. லேஞ்சியும் சத்திரசிகிச்சை முகக்கவசமும் பெரிய துளிகளைத் தடுக்கும். நுண்துளிகளுள் பெரும்பங்கு அவற்றின் விளிம்புகளாலேயே உள்ளே சென்றுவிடும். என்-95 வகை, முகத்தில் இறுகப் பொருந்தினால், நுண்துகள்களில் குறைந்தது 95 வீதத்தைத் தடுக்கும். ஆயினும் ஆவியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. தின்னர் மணம் அதனூடாகத் தாராளமாக வரும்.

ஆவியைத் தடுப்பதற்கு வேண்டியது கரி. மூக்கையும் வாயையும் மூடும் இறப்பர் முகமூடியின் இரு பக்கங்களிலும் திருகிப் பூட்டும் வடிகட்டிகளினுள்ளே, விசேடமாகப் பதப்படுத்தப்பட்ட கரி நிரப்பப்பட்டிருக்கும். அக்கரியின் நுண்துளைகளிலே கரைப்பான் ஆவி ஒட்டிக்கொள்ளும். இதற்கு உகந்த கரிகளுள் ஒன்று தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படுவது. இலங்கை அதனை உலகச் சந்தைக்குப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு. எமது சிரட்டைக் கரி பிற தேசத்தவரின் மூச்சைக் காக்க, நாம் லேஞ்சி கட்டி நிற்பது வேடிக்கையானதே. வாங்கும்போது, ஐரோப்பிய முறையிலாயின் 'ஏ2பி3' என்றும், அமெரிக்க முறையிலாயின் சேதன ஆவிக்கும் 'பி-100' துகளுக்கும் உரியது என்றும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கரி மட்டும் உள்ள வடிகட்டி துளியைத் தடுக்காது. துகள் வடிகட்டி மட்டும் ஆவியைத் தடுக்காது. இரண்டும் சேர்ந்ததே வேண்டும்.

கரியின் ஆயுள் குறுகியது. உறையைத் திறந்த கணம் முதல் அது காற்றிலுள்ளதை எல்லாம் உறிஞ்சத் தொடங்கிவிடும். எமது கடற்கரைப் பிரதேசத்தின் ஈரப்பதன் அதனை இன்னும் விரைவாகக் கெடுக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையிலிட்டு இறுகக் கட்டிவைக்க வேண்டும். கொட்டகை ஆணியில் மாதக்கணக்காகத் தொங்கிய வடிகட்டி வெறும் அலங்காரமே. முகமூடி அணிந்ததும் வடிகட்டிகளின் வாயை உள்ளங்கைகளால் மூடி மூச்சை மெதுவாக உள்ளிழுத்துப் பார்க்க வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டி அமுங்கினால் இடைவெளி இல்லை எனலாம். காற்று எங்கேனும் உள்ளே வந்தால் நச்சும் அவ்வழியே வரும்.

இவ்விடத்தில் தாடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இறப்பர் விளிம்புக்கும் தோலுக்குமிடையே மயிர் இருந்தால் எத்துணை விலையுயர்ந்த முகமூடியும் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் வளர்ந்த முளைமயிரே போதும், அது ஒழுகுவதற்கு. தாடியை மார்க்க நெறியாகப் பேணும் முஸ்லிம் சகோதரர்களுக்கும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப விரதத்துக்காகத் தாடி வளர்க்கும் சைவ இளைஞர்களுக்கும் இது பொருந்தும். தாடியை மழியுங்கள் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தலையை முழுவதும் மூடி, இடுப்பிற் கட்டிய சிறு மின்விசிறியால் வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தும் தளர்வான தலைக்கவசங்கள் இவர்களுக்கென்றே உள்ளன. அவற்றின் விலை பொழுதுபோக்காளருக்கு எட்டாதது. ஆதலால் தாடியுள்ளவர் விசிறு துப்பாக்கியைத் தவிர்த்துத் தூரிகையை எடுப்பதோ, விசிறும் பகுதியை மாத்திரம் கராஜ் ஒன்றில் கொடுத்துச் செய்விப்பதோ தக்கது.

இரட்டைக் கலவை வர்ணத்தைப் பொறுத்தவரை தாடியில்லாதவருக்கும் எமது ஆலோசனை அதுவேயாகும். கரி வடிகட்டி பழுதாகும்போது தின்னர் மணம் மூக்கை எட்டி எச்சரிக்கும். ஐசோசயனேற்று அவ்வாறு எச்சரிக்காது. இதனாலேயே பிரித்தானியாவில் இவ்வர்ணத்தை விசிறுவோர், வெளியிலிருந்து குழாய் மூலம் தூய காற்றைப் பெறும் கவசத்தை அணிய வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது. அக்கவசத்தின் முகமூடியை, விசிறி முடிந்த உடனேயே வர்ணத்தைப் பார்வையிடுவதற்காக உயர்த்துவது பெருந்தவறு என்றும் அங்கு கற்பிக்கின்றனர். அறையிலிருந்து புகார் கண்ணுக்கு மறைந்த பின்னரும் நுண்துளி காற்றில் நிற்கும். வீட்டிலுள்ள சாதாரண கம்பிறசரிலிருந்து ஒரு குழாயை முகமூடிக்கு இழுத்துவிடலாமே எனக் கைத்திறன் மிக்க எமது இளைஞர்கள் எண்ணக்கூடும். அதனை ஒருபோதும் செய்யலாகாது. சாதாரண கம்பிறசரின் காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். பெற்றோலில் இயங்கும் பொறியாயின் உயிர்கொல்லியான காபனோரொட்சைட்டும் வந்து சேரலாம்.

வீட்டில் விசிறியே ஆகவேண்டுமெனில் கடினமாக்கி சேராத ஒற்றைக் கலவை வர்ணத்தையே தெரிவு செய்தல் வேண்டும். பளபளப்புச் சற்றுக் குறையும். கையடக்கமான விசிறு ரின்களும் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆனால் அடிப்புறத்திலுள்ள குமிழை அழுத்திக் கடினமாக்கியைக் கலக்கும் ரின்களும் சந்தையில் உண்டு. அவற்றைச் சிறியதென எண்ணி ஏமாறக் கூடாது.

இடமும் காற்றும் முகமூடிக்கு நிகரானவை. தகரக் கொட்டகையை விடத் திறந்த வளவு நன்று. தோட்டத்திலே மருந்தடித்துப் பழகிய எமது விவசாயிகள் காற்றின் போக்கைப் பார்த்தே கால் வைப்பர். சோளகம் எந்தப் பக்கம், வாடை எந்தப் பக்கம் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் வர்ணம் விசிறுவதில் ஒரு நுட்பம் உண்டு. காற்று நேரே முதுகுப்புறமிருந்து வீசினால் உடலின் முன்னால் ஒரு சுழல் உண்டாகி, துளிகளை மீண்டும் முகத்துக்கே கொண்டுவரும். காற்று பக்கவாட்டில் வீசும்படி நிற்பதே சிறந்தது. காற்றுப் போகும் திசையில் அயலவரின் சமையலறையோ, குழந்தை உறங்கும் ஏணையோ, மூடியில்லாக் கிணறோ இருக்கலாகாது. தின்னர் ஆவி காற்றை விடப் பாரமானது. அது நிலத்தோடு ஊர்ந்து அடுப்பையோ குத்துவிளக்கையோ எட்டித் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. மிச்சத் தின்னரை வளவில் ஊற்றினால், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அது குடிக்கும் நீரிலேயே சேரும்.

விசிறுவதற்கு முன்னர் நிகழும் தேய்ப்பு வேலையும் கவனத்துக்குரியது. ஐம்பது அறுபது வருடப் பழமை வாய்ந்த கார்களின் அடிப்பூச்சிலே ஈயமும் குரோமியச் சேர்மங்களும் இருக்கக்கூடும். எமது நாட்டில் வர்ணங்களிலுள்ள ஈயத்துக்கு எல்லை விதிக்கும் பணிப்புரையைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வெளியிட்டதே 2011 இல்தான். உலர்ந்த தகட்டை உரசுதாளினால் தேய்க்கும்போது எழும் தூசு, தேய்ப்பவரை விட, அந்நிலத்திலே விளையாடும் குழந்தைக்கே கூடுதலான கேடு செய்யும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசு அடங்கும். அச்சேற்றை வழித்தெடுத்து அகற்ற வேண்டும். வேலை செய்த உடுப்புடன் பிள்ளையைத் தூக்கலாகாது.

இவை யாவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. விற்பனையாளரும் இறக்குமதியாளரும் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. உடுப்பிட்டி இளைஞர் எமக்குக் காட்டிய சிறிய ரின்னின் லேபலில், மூச்சுடன் உட்செல்லின் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ ஏற்படலாமென ஆங்கிலத்தில், கடுகெழுத்தில், அச்சிடப்பட்டிருந்தது. தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சொல்லும் இல்லை. பிஸ்கட் பெட்டியின் பெயர் மும்மொழியிலும் இருக்க, நெஞ்சைப் பழுதாக்கும் பொருளின் எச்சரிக்கை ஒரு மொழியில் ஒளிந்திருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கடினமாக்கியை விற்கும் கடைகள் அதற்குரிய சுவாசக் கவசத்தையும் வைத்திருக்க வேண்டும். கவசம் இல்லையாயின் வாங்க வருபவருக்கு அப்பொருளின் தன்மையை வாயாலாவது சொல்ல வேண்டும்.

வர்ணம் விசிறிய இரவுகளில் இருமலோ இழுப்போ நெஞ்சு இறுக்கமோ தோன்றி, விசிறாத நாட்களில் அது இல்லாதிருக்குமாயின், உடனே விசிறுவதை நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். வடமராட்சியில் உள்ளோருக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. செல்லும்போது "இழுக்குது" என்று மட்டும் சொன்னாற் போதாது. எந்த வர்ணம், எத்தனை நாள், எவ்வளவு நேரத்தின் பின்னர் இழுப்பு வந்தது என்பதனைக் குறித்துக்கொண்டு, ரின்னின் லேபலைத் தொலைபேசியிற் படமெடுத்துக் காட்ட வேண்டும். வைத்தியர் கேட்காவிட்டாலும் நோயாளர் சொல்ல வேண்டும். பகலில் வைத்தியரின் முன் அமர்ந்திருக்கும்போது நெஞ்சில் இழுப்பு ஒலி கேட்காதிருக்கலாம். அதனால் நோயில்லை என்றாகிவிடாது.

அந்த இளைஞர் லேபலின் படத்துடன் மந்திகைக்குச் சென்று வந்திருக்கிறார். எஞ்சிய வேலையைக் கராஜ் ஒன்றில் கொடுப்பதற்குப் பணம் சேர்ப்பதாகச் சொன்னார். காரின் இரு கதவுகளும் முதற்பூச்சுடன் இன்னமும் மாமரத்தின் கீழே தொங்குகின்றன.